சென்னை ஓப்பன்: 21 ஆண்டுகளின் கணக்கு

சென்னை ஓப்பன் ஆடவர் ஒற்றையர் பட்டத்தை 21 முறை 16 வீரர்கள் வென்றிருக்கிறார்கள். 1997இல் சுவீடனின் மிகேல் டில்ஸ்ட்ரோம் தொடங்கிவைத்த பட்டியலை 2017இல் ஸ்பெயினின் ராபர்டோ பாடிஸ்டா அகுட் முடித்துவைத்தார். அந்தப் பதினாறு பேரில் நால்வர் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் பெற்றவர்கள்: ஆஸ்திரேலியாவின் பாட் ராஃப்டர், ஸ்பெயினின் கார்லோஸ் மோயா, குரோஷியாவின் மரின் சிலிச், சுவிட்சர்லாந்தின் ஸ்டான் வாவ்ரிங்கா. ஆசியாவிலிருந்து ஒருவர், தாய்லாந்தின் பரடோர்ன் ஸ்ரீசாபன். இந்தியர் எவரும் இல்லை. 21 இறுதியாட்டங்களில் மொத்தம் 42 இடங்கள். அவற்றில் இந்தியருக்குக் கிடைத்தது ஒன்று. 2009இல் சோம்தேவ் தேவ்வர்மன் அதைப் பெற்றார்.

இந்தக் கணக்கை வைத்து இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். உலகத்தரப் போட்டி ஒன்று இருபது ஆண்டுக்கு மேல் ஊரில் நடந்ததே பெரிய பேறு, அதைப் புனேக்குப் பறிகொடுத்தது தமிழ்நாட்டின் இழப்பு என்பது ஒரு பேச்சு. வெளிநாட்டவர் வந்து பரிசை வாங்கிக்கொண்டு போக நாம் கைதட்டியதுதான் மிச்சம் என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை பாதிதான் இருக்கிறது. ஒரு டென்னிஸ் போட்டி யாரை உள்ளே விடுகிறது, யாருக்கு எவ்வளவு புள்ளி தருகிறது, அந்தப் புள்ளி ஆட்டக்காரரின் அடுத்த ஆண்டை எப்படி மாற்றுகிறது என்பதைப் பார்த்தால்தான் முழு உண்மை தெரியும். அப்படிப் பார்க்கும்போது கிடைக்கும் விடை சற்று எதிர்பாராதது. இந்திய ஒற்றையர் ஆட்டக்காரர்களை உலகின் முதல் நூறு பேருக்குள் கொண்டுசேர்த்த வாரங்கள் சென்னை ஓப்பன் நடந்த அதே நுங்கம்பாக்கம் மைதானத்தில்தான் நடந்தன; ஆனால் அவை ஸ்பெயினின் ரஃபேல் நடால் ஆடிய பெரிய போட்டியின் வாரங்கள் அல்ல.

டெல்லியிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு

தொழில்முறை ஆடவர் டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பின் போட்டியாக இது 1996இல் புதுடெல்லியில் தொடங்கியது. அந்த ஆண்டு சுவீடனின் தாமஸ் எங்க்விஸ்ட் ஜிம்பாப்வேயின் பைரன் பிளாக்கை வென்று பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே போட்டி சென்னைக்கு வந்துவிட்டது. 1995 டிசம்பரில் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக நுங்கம்பாக்கத்தில் ஒரு டென்னிஸ் அரங்கம் எழுப்பப்பட்டிருந்தது. பெரிய போட்டிக்கு ஏற்ற அரங்கம் தயாராக இருந்ததும், பணம் போட ஒரு சிகரெட் பிராண்ட் முன்வந்ததும் சென்னைக்குச் சாதகமாயின. முதல் சில ஆண்டுகள் அது கோல்டு ஃபிளேக் ஓப்பன். பிறகு டாடா ஓப்பன், பிறகு சென்னை ஓப்பன், கடைசியாக ஏர்செல் சென்னை ஓப்பன். பெயர் மாறியபோதெல்லாம் மாறியது பணம் தருபவர்தான். ஆட்டமும் இடமும் அவையே.

இந்த ஊருக்கு டென்னிஸ் புதிதல்ல. ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றவர். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதியில் ஆடியவர். அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979இல் விம்பிள்டன், பிரெஞ்சு ஜூனியர் பட்டங்கள் இரண்டையும் வென்றார். விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்களும் சென்னைக்காரர்கள். ஆகவே கேலரியில் வந்து உட்கார்ந்தவர்களில் நல்ல பேக்ஹேண்டுக்கும் அதிர்ஷ்டமான பேக்ஹேண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் கணிசமாக இருந்தார்கள்.

முதல் ஆண்டுகளில் போட்டி ஏப்ரல் வெயிலில் நடந்தது. 1998 ஏப்ரலில் பட்டம் வென்ற பாட் ராஃப்டர், அதற்கு முந்தைய ஆண்டின் அமெரிக்க ஓப்பன் சாம்பியன். பின்னர் போட்டி ஜனவரி முதல் வாரத்துக்கு மாற்றப்பட்டது. அந்தக் கால மாற்றம்தான் சென்னை ஓப்பனின் குணத்தைத் தீர்மானித்தது.

ஜனவரி முதல் வாரம்

ஆஸ்திரேலிய ஓப்பன் ஜனவரி நடுவில் மெல்போர்னில் தொடங்கும். அதற்கு முன் ஒன்றிரண்டு போட்டியாவது ஆடி உடம்பைச் சூடேற்றிக்கொள்ள ஆட்டக்காரர்கள் விரும்புவார்கள். ஆண்டின் முதல் வாரத்தில் அவர்களுக்கு மூன்று வழிகள் இருந்தன: தோஹா, சென்னை, ஆஸ்திரேலியாவிலேயே ஒரு போட்டி. அந்த மூன்றாவது முதலில் அடிலெய்டில் நடந்தது. 2009 முதல் பிரிஸ்பேனில். மூன்றிலும் கடினத் தரைதான். சென்னையின் புழுக்கம் மெல்போர்ன் வெயிலுக்கு நல்ல பயிற்சி என்று வந்தவர்கள் உண்டு. ஆனால் இங்கு ஆடி முடித்து மறுபடி நீண்ட விமானப் பயணம் போக வேண்டும் என்பது சென்னையின் பலவீனம்.

அந்தப் பலவீனத்தைப் பணம் ஈடுகட்டியது. ஆடவர் டென்னிஸ் போட்டிகளில் பல தரங்கள் உண்டு. உச்சியில் கிராண்ட் ஸ்லாம்கள்; அடுத்து 1000, 500, 250 என்று சாம்பியனுக்குக் கிடைக்கும் தரவரிசைப் புள்ளியின் பெயராலேயே அழைக்கப்படும் மூன்று தரங்கள். 2009இல் வந்த இந்தப் பெயர்முறைப்படி சென்னை 250 தரம். பெரிய போட்டிகளுக்கு முன்னணி வீரர்கள் கட்டாயமாக வந்தாக வேண்டும். 250 போட்டிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆகவே பரிசுத்தொகைக்கு அப்பால், வந்து ஆடுவதற்கென்றே ஒரு தொகையை நட்சத்திரங்களுக்குத் தரும் வழக்கம் இந்தத் தரத்தில் வெளிப்படையாக அனுமதிக்கப்பட்டிருக்கிறது. சுவரொட்டியில் பெரிதாகத் தெரியும் ஒரு முகத்துக்கு ஆகும் செலவு அது. டிக்கெட் விற்பதும், தொலைக்காட்சி வருவதும், விளம்பரதாரர் மறு ஆண்டு கையெழுத்திடுவதும் அந்த ஒரு முகத்தை நம்பியே நடக்கும்.

அப்படி வந்தவர்கள் ஏமாற்றவில்லை. மோயா 2004, 2005 இரண்டு ஆண்டும் இறுதியாட்டத்தில் பரடோர்னைச் சந்தித்தார். இரண்டு முறையும் மூன்றாவது செட் டைபிரேக்கர் வரை போய் வென்றார். பரடோர்ன் 2002 முதல் 2005 வரை தொடர்ந்து நான்கு இறுதியாட்டங்கள் ஆடி, 2003இல் மட்டும் பட்டம் பெற்றவர். 2005 போட்டி, சுனாமி கரையைத் தாக்கிய மறு வாரமே நடந்தது. மோயா தன் பரிசுத்தொகையைச் சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டார். சென்னை ரசிகர்கள் அவரை வெளிநாட்டு ஆட்டக்காரராகப் பார்க்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

2008 அரையிறுதியை நேரில் பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஒரு பக்கம் உலகின் இரண்டாம் நிலை வீரர் நடால், மறுபக்கம் மோயா. இருவரும் மயோர்கா தீவுக்காரர்கள். நடாலுக்கு மோயா அண்ணன் முறை மாதிரி. சிறுவனாக இருந்தபோதே கூட்டிக்கொண்டு பயிற்சி ஆடியவர், பிற்காலத்தில் நடாலின் பயிற்சியாளரே ஆனவர். ஆட்டம் 3 மணி 54 நிமிடம் நடந்தது. மூன்று செட்களும் டைபிரேக்கரில் முடிந்தன: முதலாவது மோயாவுக்கு, மற்ற இரண்டும் நடாலுக்கு. இரண்டாவது செட்டில் தோல்வியின் விளிம்பிலிருந்து மேட்ச் பாயின்ட்களைக் காப்பாற்றித்தான் நடால் மீண்டார். மறுநாள் இறுதியாட்டத்தில் அவரால் ஓட முடியவில்லை. ரஷ்யாவின் மிகயில் யூஷ்னி 6-0, 6-1 என்று வென்றார். நடாலின் பெயருக்கு எதிரே இப்படியொரு ஸ்கோர் இருப்பதைப் புரிந்துகொள்ள முந்தின இரவை அறிந்திருக்க வேண்டும்.

2012இல் கனடாவின் மிலோஸ் ரவோனிச், போட்டி முழுக்கத் தன் சர்வீஸை ஒருமுறைகூட இழக்காமல் பட்டம் வென்றார். செர்பியாவின் யான்கோ டிப்சரேவிச்சுக்கு எதிரான இறுதியாட்டத்தின் மூன்று செட்களும் டைபிரேக்கர். வாவ்ரிங்கா 2011, 2014, 2015, 2016 என்று நான்கு முறை இங்கு வென்றார். 2014இல் சென்னையில் பட்டத்தோடு கிளம்பி நேரே மெல்போர்ன் போனவர், அங்கே நடாலை வீழ்த்தித் தன் முதல் கிராண்ட் ஸ்லாமை எடுத்தார். 2017இல் பாடிஸ்டா அகுட்டிடம் இறுதியில் தோற்ற இருபது வயது ரஷ்யர் டேனில் மெத்வதேவுக்கு அதுதான் முதல் ஏடிபி இறுதியாட்டம். நான்கு ஆண்டுகள் கழித்து அவர் அமெரிக்க ஓப்பனை வென்றார். 2022இல் உலகின் முதலிடத்தைப் பிடித்தார்.

வாசலில் நிற்பவர்கள்

நட்சத்திரங்களின் கதை இது. இனி உள்ளூர்க்காரரின் பக்கம் வருவோம்.

250 தரப் போட்டியின் ஒற்றையர் டிராவில் 32 இடங்கள் இருக்கும். பிற்காலத்தில் சென்னையில் 28 இடங்கள்தான். முதல் நான்கு தரநிலை வீரர்கள் முதல் சுற்றை ஆடாமலே இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள். எட்டுப் பேருக்குத் தரநிலை கொடுத்து, பலசாலிகள் தொடக்கத்திலேயே மோதிக்கொள்ளாதபடி பிரித்து வைப்பார்கள். மீதி இடங்களில் பெரும்பாலானவை உலகத் தரவரிசைப்படி நிரம்பும். சில வாரங்களுக்கு முன்பே பட்டியல் மூடப்பட்டுவிடும். தகுதிச்சுற்று ஆடி வருபவர்களுக்கு நான்கு இடம். போட்டி நடத்துபவர்கள் தங்கள் விருப்பப்படி தரும் வைல்டு கார்டு மூன்று.

இந்த மூன்றுதான் உள்ளூர்க்காரரின் வாசல். ஜனவரி முதல் வாரத்தில் ஓய்வெடுத்து வந்த புத்துணர்வோடு எல்லோரும் ஆடத் துடிக்கும்போது, பட்டியல் முதல் நூறு தரவரிசையை ஒட்டியே மூடிக்கொள்ளும். சென்னை ஓப்பன் நடந்த ஆண்டுகளில் இந்தியாவின் முன்னணி ஒற்றையர் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் 100க்கும் 300க்கும் இடையில் இருந்தார்கள். ஆகவே அவர்களுக்கு இருந்த வழி வைல்டு கார்டு அல்லது தகுதிச்சுற்று. வைல்டு கார்டோடு உள்ளே போனவர் முதல் சுற்றிலேயே தன்னைவிட நூறு இடம் மேலே இருப்பவரைச் சந்திப்பார். தோற்றால் கொஞ்சம் பரிசுத்தொகை கிடைக்கும். தரவரிசைப் புள்ளி பூஜ்யம். 2009இல் வந்து 2023 வரை இருந்த புள்ளி முறைப்படி சாம்பியனுக்கு 250, இறுதியில் தோற்றவருக்கு 150, அரையிறுதிக்கு 90, காலிறுதிக்கு 45, இரண்டாம் சுற்றுக்கு 20. முதல் சுற்றில் தோற்ற வைல்டு கார்டுக்கு ஒன்றுமில்லை.

ஆட்டக்காரரின் வாழ்க்கையில் தரவரிசை என்பது கௌரவப் பட்டியல் மட்டுமல்ல, அதுதான் வேலைவாய்ப்பு. கடந்த 52 வாரங்களில் ஈட்டிய புள்ளிகளின் கூட்டல் அது. ஓராண்டு ஆனதும் பழைய புள்ளி உதிர்ந்துவிடும். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் 128 இடங்கள். அதில் 104 பேர் தரவரிசைப்படி நேரடியாக நுழைவார்கள். 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றில் தோற்றவருக்கே 1,20,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது. ஆண்டுக்கு நான்கு முறை அப்படி ஒரு தொகை வந்தால் பயிற்சியாளருக்கும் உடற்பயிற்சி நிபுணருக்கும் சம்பளம் கொடுத்துக் கூட்டிப் போக முடியும். 104ஆவது இடத்துக்கும் 150ஆவது இடத்துக்கும் நடுவில் இருப்பது இந்த வித்தியாசம். முதல் நூறு என்பதை ஆட்டக்காரர்கள் ஓயாமல் பேசுவதற்குக் காரணமும் இதுவே.

சோம்தேவின் வாரம்

வைல்டு கார்டு வீண் என்று முடிவுகட்டவிடாமல் தடுப்பது 2009ஆம் ஆண்டு. குவாஹாட்டியில் பிறந்து சென்னையில் பள்ளிப்படிப்பு முடித்த சோம்தேவ், அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். அங்கே கல்லூரிகளுக்கிடையேயான தேசிய ஒற்றையர் இறுதியில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஆடி, 2007, 2008 இரண்டிலும் பட்டம் வென்றிருந்தார். தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. தரவரிசையில் முதல் இருநூறுக்கு வெளியே இருந்த அவருக்குச் சென்னை ஓப்பன் வைல்டு கார்டு கொடுத்தது.

இரண்டாம் சுற்றில் அவர் மோயாவை வென்றார். இங்கே இரண்டு முறை பட்டம் வென்றவர், 1999இல் உலகின் முதலிடத்தில் இருந்தவர் மோயா. காலிறுதியில் உலகின் மிகக் கடுமையான சர்வீஸ்களில் ஒன்றைக் கையில் வைத்திருந்த குரோஷியாவின் ஐவோ கார்லோவிச் வீழ்ந்தார். அரையிறுதியில் ஜெர்மனியின் ரைனர் ஷுட்லர் காயத்தால் ஆடவில்லை. இறுதியில் சிலிச் 6-4, 7-6 என்று வென்றார். 1998இல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் லியாண்டர் பயஸ் பட்டம் வென்றதற்குப் பிறகு ஓர் இந்தியர் ஏடிபி ஒற்றையர் இறுதிக்கு வந்தது அதுவே முதல் முறை. சோம்தேவ் 2011இல் ஜோகன்னஸ்பர்க்கில் மறுபடி ஓர் இறுதியாட்டம் ஆடினார். அந்த ஆண்டு 62ஆவது இடம் வரை உயர்ந்தார்.

சோம்தேவின் வாரத்தை வைல்டு கார்டின் வெற்றியாகச் சொல்வது சரியே. ஆனால் அவரை உருவாக்கியது சென்னை ஓப்பன் அல்ல. மூன்று நான்கு ஆண்டுகள் அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் வாரம் தவறாமல் நல்ல எதிராளிகளோடு ஆடியிருந்த ஒருவருக்கு, சரியான நேரத்தில் கதவு திறந்தது. அந்த ஆட்டப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் அதே கதவு ஆண்டுதோறும் திறந்தது. பெரும்பாலும் அவர்கள் செவ்வாய்க்கிழமைக்குள் வெளியே வந்துவிட்டார்கள். ஸ்லோவேனியாவில் பிறந்த அல்யாஷ் பெடெனே 2015இல் தகுதிச்சுற்றிலிருந்து தொடங்கி இறுதியாட்டம் வரை போனார் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். வாசல் எல்லோருக்கும் ஒன்றுதான். ஐரோப்பிய ஆட்டக்காரர் ஆண்டு முழுக்க ரயிலிலும் காரிலும் போய்ச் சிறு போட்டிகள் ஆடித் தேறியபின் அந்த வாசலுக்கு வந்தார்.

இரட்டையர் ஆட்டத்தில் நிலைமை தலைகீழாக இருந்ததும் இதே காரணத்தால்தான். பயஸ், மகேஷ் பூபதி ஜோடி 1997, 1998, 1999, 2002, 2011 என்று ஐந்து முறை சென்னையில் பட்டம் வென்றது. அவர்கள் உலகின் முதல் வரிசை ஜோடியாக இருந்தார்கள். 1999இல் பிரெஞ்சு ஓப்பனையும் விம்பிள்டனையும் வென்றவர்கள். வெளியே வளர்ந்து தேறி வந்தவர்களுக்குச் சொந்த ஊர்ப் போட்டி இனித்தது. தேறாதவர்களைத் தேற்றும் வேலையை அது செய்யவில்லை. ஆண்டுக்கு ஒரு வாரம் நடக்கும் போட்டியால் செய்யவும் முடியாது.

உரிமம் யாருடையது

2017 ஜூலையில் போட்டி புனேக்குப் போகிறது என்ற அறிவிப்பு வந்தது. ரசிகர்கள் அதிர்ந்தார்கள். ஆனால் ஏடிபி போட்டி என்பது ஊருக்குச் சொந்தமான திருவிழா அல்ல. ஆட்டக்காலண்டரில் ஒரு வாரத்துக்கான உரிமம் அது. உரிமத்தை வைத்திருப்பவர் அதை வேறு ஊருக்கு எடுத்துப் போகலாம், விற்கலாம். சென்னைப் போட்டியின் உரிமம் பன்னாட்டு விளையாட்டு நிர்வாக நிறுவனமான ஐஎம்ஜியின் கையில் இருந்தது. மைதானம் மாநில அரசுடையது. நடத்திக்கொடுத்தது தமிழ்நாடு டென்னிஸ் சங்கம். அரசும் நிதியுதவி செய்துவந்தது. இவர்களில் எவரிடமும் உரிமம் இல்லை. மகாராஷ்டிர அரசும் அம்மாநிலச் சங்கமும் ஆதரவு தர முன்வந்தபோது போட்டி இடம் மாறியது. விளம்பரதாரரான ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் நடவடிக்கைக்குப் போனதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

புனேயிலும் அது நிலைக்கவில்லை. 2018 முதல் மகாராஷ்டிரா ஓப்பன் என்ற பெயரில் நடந்து, 2023 ஜனவரியில் நெதர்லாந்தின் டாலன் கிரீக்ஸ்போர் வென்றதோடு முடிந்துபோனது. 2024 ஜனவரி முதல் வாரத்தில் ஹாங்காங்கில் ஏடிபி போட்டி நடந்தது. தெற்காசியாவில் நடந்த ஒரே ஏடிபி 250 போட்டி அப்படி இல்லாமல் போனது.

சிறிய போட்டியின் பெரிய புள்ளி

இனி யாரும் அவ்வளவாகக் கவனிக்காத வாரங்களுக்கு வருவோம். ஏடிபி 250க்கு ஒரு படி கீழே இருப்பது சேலஞ்சர் தரம். இங்கே நடால் வரமாட்டார். தரவரிசையில் 80இலிருந்து 300 வரை இருப்பவர்கள் வருவார்கள். கேலரி நிரம்பாது; நேரடி ஒளிபரப்பு இணையத்தோடு நின்றுவிடும். பரிசுத்தொகையும் குறைவு. 2017இல் சென்னை ஓப்பனின் மொத்தப் பரிசு ஏறத்தாழ 4.5 லட்சம் டாலர். 2024இல் சேலஞ்சர் 100 என்ற தரத்துக்கு ஏறத்தாழ 1.3 லட்சம் டாலர். நட்சத்திரங்களுக்கு வருகைத் தொகை கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை.

பெரிய போட்டி போன மறு ஆண்டே, 2018 பிப்ரவரியில், நுங்கம்பாக்கத்தில் ஒரு சேலஞ்சர் நடந்தது. இறுதியில் ஆஸ்திரேலியாவின் ஜோர்டன் தாம்சனிடம் தோற்றவர் யூகி பாம்ப்ரி. அதே ஆண்டு தைபேயில் ஒரு சேலஞ்சர் பட்டம் வென்று அவர் 83ஆவது இடத்தைத் தொட்டார்.

2019 பிப்ரவரியில் மறுபடி சென்னை சேலஞ்சர். சென்னையைச் சேர்ந்த இடதுகை ஆட்டக்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் அரையிறுதி வரை போனார். அந்த வாரம் முடிந்ததும் வெளியான பட்டியலில் அவர் 97ஆவது இடத்தில் இருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக முதல் நூறு பேருக்குள். அப்போது அவருக்கு 29 வயது. முழங்கால் காயங்கள் அவருடைய இருபதுகளில் பல ஆண்டுகளை விழுங்கியிருந்தன. 2018இல் சீனாவின் அன்னிங்கிலும் பெங்களூரிலும் சேலஞ்சர் பட்டம் வென்று ஏறி வந்தவருக்கு, கடைசி அடியை எடுத்து வைக்கச் சொந்த ஊரில் இடம் இருந்தது. அந்த ஏப்ரலில் அவர் 75ஆவது இடம் வரை போனார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2024 பிப்ரவரியில், அதே அரங்கில் ஹரியானாவின் சுமித் நாகல் இறுதியில் இத்தாலியின் லூகா நார்டியை 6-1, 6-4 என்று வென்றார். 121ஆவது இடத்தில் வந்தவர் 98ஆவது இடத்தோடு திரும்பினார். 2019க்குப் பிறகு முதல் நூறுக்குள் வந்த முதல் இந்திய ஆடவர் அவரே. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஆஸ்திரேலிய ஓப்பனில் கசகஸ்தானின் அலெக்சாண்டர் பப்ளிக்கைத் தோற்கடித்து எல்லோருடைய கவனத்தையும் ஈர்த்திருந்தார். 1989இல் ரமேஷ் கிருஷ்ணன் மாட்ஸ் விலாண்டரை வென்றபின், கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் தரநிலை பெற்ற ஒருவரை ஓர் இந்திய ஆடவர் வென்றது அதுவே முதல் முறை.

புள்ளிகளை எடுத்து ஒப்பிட்டால் விஷயம் இன்னும் துலங்கும். மெல்போர்னில் நாகல் மூன்று தகுதிச்சுற்று ஆட்டங்கள் வென்று, முதன்மைச் சுற்றிலும் ஒரு வெற்றி பெற்றார். அதற்குக் கிடைத்த புள்ளி 80. சென்னையில் ஐந்து ஆட்டங்கள் வென்றதற்குக் கிடைத்தது 100. உலகமே பேசிய வெற்றியைவிட, பாதி காலியான அரங்கில் கிடைத்த வெற்றி தரவரிசையில் அதிகம் கொடுத்தது. அதன் பலன் உடனே தெரிந்தது. அந்த ஆண்டு பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன் இரண்டிலும் அவர் தகுதிச்சுற்று ஆடாமல் நேரடியாக முதன்மைச் சுற்றில் ஆடினார். பாரிஸ் ஒலிம்பிக் ஒற்றையரிலும் தரவரிசையாலேயே இடம் பெற்றார். ஜூலையில் 68ஆவது இடத்தை எட்டினார்.

வெளிநாட்டவரும் இதே வழியைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது இந்தக் கணக்கை உறுதிப்படுத்துகிறது. 2023இல் சென்னை, பெங்களூரு, புனே ஆகிய மூன்று ஊர்களில் அடுத்தடுத்த வாரங்களில் சேலஞ்சர் நடந்தபோது மூன்றையும் வென்றவர் ஆஸ்திரேலியாவின் மேக்ஸ் பர்செல். அதே ஆகஸ்டில் சின்சினாட்டி 1000 தரப் போட்டியின் காலிறுதியில் அவர் ஆடிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாரம் ஒன்றாகப் போட்டி இருந்தால் ஒரு மாதத்தில் ஓர் ஆட்டக்காரரின் நிலையே மாறும் என்பதற்கு அது சான்று.

எதை இழந்தோம், எதை இழக்கவில்லை

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பிரஜ்னேஷும் நாகலும் சென்னையில் மட்டும் புள்ளி சேர்க்கவில்லை. பல நாடுகளில் ஓராண்டு முழுக்க ஆடியதன் கூட்டல் அது. சென்னை அவர்களுக்குக் கடைசிப் படியாக அமைந்தது. காயம், பயிற்சி, பணம், குடும்ப ஆதரவு என்று வேறு பல காரணங்களும் இருக்கின்றன. எனவே சேலஞ்சர் நடத்தினால் தானாக ஆட்டக்காரர் முளைப்பார் என்று சொல்ல முடியாது. எந்தத் தரப் போட்டியில் நம் ஆட்டக்காரர்கள் வெல்லும் நிலையில் இருக்கிறார்களோ அந்தத் தரத்தில் போட்டி இருந்தால்தான் அவர்களுக்குப் புள்ளி வரும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

பெரிய போட்டியால் பயனே இல்லை என்றும் இதற்குப் பொருள் இல்லை. 21 ஆண்டுகள் உலகத்தர ஆட்டத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்த ஊர் இது. கோட்டு நடுவர்கள், பந்து எடுக்கும் சிறுவர் சிறுமியர், ஆடுகளம் பராமரிப்பவர்கள், போட்டி நிர்வாகிகள் என்று ஒரு பெரும் கூட்டம் பயிற்சி பெற்றது. இன்று சேலஞ்சரைச் சிரமமில்லாமல் நடத்த முடிகிறது என்றால் அந்த அனுபவம் இருப்பதால்தான். 1994இல் சென்னையில் பிறந்த ராம்குமார் ராமநாதன் இந்தப் போட்டி நடக்கும் ஊரில் வளர்ந்தவர். 2014இல் இதே போட்டியின் முதல் சுற்றில் சோம்தேவையே வென்றவர். 2018இல் நியூபோர்ட்டில் ஏடிபி இறுதியாட்டம் வரை போனவர். 2009க்கும் 2018க்கும் இடையே இந்திய ஆடவர் ஆடிய ஏடிபி ஒற்றையர் இறுதியாட்டங்கள் மூன்றுதான். மூன்றிலும் ஆடியவர்கள் சென்னையோடு தொடர்புடையவர்கள். அதைத் தற்செயல் என்று ஒதுக்கத் தேவையில்லை.

ஆனால் மூன்று இறுதியாட்டங்களிலும் தோல்விதான். 1998இல் பயஸ் வென்ற நியூபோர்ட் பட்டமே இன்றுவரை இந்திய ஆடவர் ஒருவர் வென்ற கடைசி ஏடிபி ஒற்றையர் பட்டம்.

பெரிய போட்டி திரும்ப வர வேண்டும் என்று கேட்கும்போது, அந்தப் பணத்தில் வேறு என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சேலஞ்சருக்கும் கீழே, சாம்பியனுக்கு 15, 25 புள்ளிகள் மட்டும் தரும் உலக டென்னிஸ் சுற்றுப் போட்டிகள் இருக்கின்றன. பதினெட்டு, பத்தொன்பது வயதில் தொழில்முறைக்கு வரும் பையன் தொடங்குவது அங்கேதான். அந்தப் புள்ளிகளைத் தேடித் துனீசியாவுக்கும் எகிப்துக்கும் விமானம் ஏறுவதற்குப் பதிலாக, கோயம்புத்தூரிலும் மதுரையிலும் சென்னையிலும் அடுத்தடுத்த வாரங்களில் ஆட முடிந்தால், ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு மிச்சமாகும் பணம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு 250 போட்டிக்கு ஆகும் செலவில் இப்படிப் பல வாரங்களை நடத்தலாம். உரிமம் போய்விடுமே என்ற கவலையும் இதில் குறைவு. ஊர்ச் சங்கமும் அரசும் மனம் வைத்தால் நடத்திக்கொண்டே இருக்கலாம்.

தமிழ்நாடு அரசுக்கும் டென்னிஸ் சங்கத்துக்கும் வைக்க வேண்டிய கோரிக்கை எளிமையானது. ஆண்டுதோறும் இரண்டு சேலஞ்சர்கள், அவற்றுக்கு முன்னும் பின்னுமாக ஆறேழு சிறு போட்டிகள், இவற்றை ஐந்து ஆண்டுகளுக்குத் தடையின்றி நடத்தும் நிதி உறுதி. இதற்கு நடாலை அழைக்க வேண்டாம். பெரிய விளம்பரதாரரும் வேண்டாம். 250 தரப் போட்டி மறுபடி ஒருநாள் வந்தால் மகிழ்ச்சியோடு வரவேற்போம். ஆனால் அன்றைக்கு நம் ஆட்டக்காரர் ஒருவராவது வைல்டு கார்டு இல்லாமல், தன் தரவரிசையின் பலத்தில் டிராவில் இடம் பெற்றிருக்க வேண்டும். அதற்கான வேலையைச் சிறிய போட்டிகளில்தான் தொடங்க முடியும்.